இடதா, வலதா, நடுவா? சொந்த அரசியல் நிலைப்பாட்டைக் கண்டறிய வழி உண்டா?

புதுவாக்காளர் (கேள்வி)

வணக்கம். அடுத்த தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். யாருக்குப் போடுவது என்று இங்கே கேட்கவில்லை. அதற்கும் முந்தைய படியில் நிற்கிறேன்.

விவாதங்களில் இடதுசாரி, வலதுசாரி, லிபரல், பழமைவாதி, லிபர்ட்டேரியன், சமூக ஜனநாயகவாதி என்று ஒருவர்மேல் ஒருவர் முத்திரை குத்துகிறார்கள். ஒரே சொல்லை இரண்டு பேர் எதிரெதிரான பொருளில் சொல்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களை நிரப்பினால் ஒன்று என்னை இடது என்கிறது, இன்னொன்று நடு என்கிறது. பொது சுகாதாரத்துக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு சிறுதொழில் தொடங்க இத்தனை அனுமதிகள் எதற்கு என்றும் தோன்றுகிறது. தண்டனைச் சட்டங்கள் கடுமையாக இருக்க வேண்டும். கருத்துரிமையில் அரசு கை வைக்கவே கூடாது. இவையெல்லாம் ஒரே கூடையில் அடங்குமா என்றே தெரியவில்லை.

இந்தச் சொற்களுக்கு நிலையான பொருள் உண்டா? வினாத்தாள்களை நம்பலாமா? நான் எதை நம்புகிறேன் என்று முறையாகக் கண்டறிய வழி இருக்கிறதா?

ஏடாளன்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிலையான பொருள் கிடையாது. ஆனால் கண்டபடி மாறுவதும் இல்லை; மாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இடது, வலது என்ற பிரிவு 1789இல் பிரெஞ்சு தேசிய சட்டமன்றத்தில் உருவானது. அவை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்கலாமா என்பது அன்றைய பெரிய சர்ச்சை. அரசருக்கு ஆதரவானவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கத்திலும், எதிரானவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்தார்கள். இன்று நாம் இடது, வலது என்றதும் நினைக்கும் தொழிற்சங்கமோ பொதுத்துறையோ தனியார்மயமோ அந்தச் சர்ச்சையில் இல்லவே இல்லை. தொழிற்புரட்சிக்குப் பிறகுதான் சொத்தும் உழைப்பும் அந்த அச்சின் மையத்துக்கு வந்தன. இரண்டு காலத்துக்கும் பொதுவாக ஓடும் இழை ஒன்று உண்டு. மனிதர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி மனிதர்களே உண்டாக்கியவை, ஆகவே மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று சாய்பவர் இடது. சில ஏற்றத்தாழ்வுகள் இயல்பானவை, அல்லது பயனுள்ளவை, அல்லது அவற்றை மாற்றப் போனால் இழப்பே அதிகம் என்று சாய்பவர் வலது. இது முழு வரையறை ஆகாது. ஆனாலும் வேறெந்த ஒற்றைக் கோடும் இவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பதில்லை.

அதிகம் குழப்புவது 'லிபரல்'. அமெரிக்காவில், குறிப்பாக 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சிக்குப் பிறகு, நலத்திட்டங்களையும் அரசின் பொருளாதாரத் தலையீட்டையும் ஆதரிப்பவரை அப்படி அழைக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதே சொல் சந்தைச் சுதந்திரத்தையும் குறைந்த வரியையும் கேட்பவரைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சி, ஜப்பானில் 1955இல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி இரண்டுமே அந்தந்த நாட்டின் பெரிய வலதுசாரிக் கட்சிகள். ரஷ்யாவில் இதே பெயரைத் தாங்கும் கட்சி தீவிர தேசியவாதக் கட்சி. போர்ச்சுகலின் சமூக ஜனநாயகக் கட்சி நடுவலதில் இருக்கிறது. நிறத்தையும் நம்ப முடியாது. உலகின் பல நாடுகளில் சிவப்பு இடதுசாரிகளுடையது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அது குடியரசுக் கட்சியின் நிறமாக நிலைத்துவிட்டது.

'பழமைவாதம்' என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் சேர்ந்து கிடக்கின்றன. மாற்றம் மெதுவாக, சோதித்துச் சோதித்து வர வேண்டும் என்ற மனப்பாங்கு ஒன்று. குடும்பம், மதம், தேசம், சொத்துரிமை என்ற குறிப்பிட்ட உள்ளடக்கம் இன்னொன்று. இவை எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. 1980களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் சந்தைச் சீர்திருத்தத்தை எதிர்த்த கம்யூனிஸ்டுகளைத்தான் பத்திரிகைகள் பழமைவாதிகள் என்று எழுதின. மறுபுறம், தொழிலாளர்களுக்கான கட்டாய உடல்நலக் காப்பீட்டை 1883இலும், விபத்துக் காப்பீட்டை 1884இலும், முதியோர் ஓய்வூதியத்தை 1889இலும் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் தலைமை அமைச்சராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க். அவர் அசல் பழமைவாதி. சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைப்பது அவர் நோக்கங்களில் ஒன்று. ஒரே கொள்கைக்கு எதிரெதிர்த் தரப்பிலிருந்தும் காரணங்கள் வரலாம் என்பதை இந்த ஒரு எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம்.

கம்யூனிசம், சோஷலிசம், சமூக ஜனநாயகம் பற்றிச் சுருக்கமாக: உற்பத்திச் சாதனங்கள் (நிலம், ஆலை, இயந்திரம் போன்றவை) யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியில் பாருங்கள். முதல் இரண்டும் பொதுவுடைமையை மையமாக வைக்கின்றன. அதை எவ்வளவு தூரம், எந்த வழியில் என்பதில்தான் அவற்றுக்குள் சண்டை. இன்றைய சமூக ஜனநாயகம் தனியுடைமையையும் சந்தையையும் ஏற்றுக்கொண்டு, வரி, ஒழுங்குமுறை, நலத்திட்டம் மூலம் விளைவைத் திருத்தப் பார்க்கிறது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி இந்தத் திருப்பத்தை 1959இல் கோடெஸ்பெர்க் நகரில் முறைப்படி ஏற்றது.

ஆக, ஒரு முத்திரையைப் பார்த்தால் எந்த நாடு, எந்தக் காலம், யார் யாரைச் சொல்கிறார் என்று பாருங்கள். மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். 'நியோலிபரல்' (எதையும் சந்தையிடம் விடச் சொல்பவர்) என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவர் மிகக் குறைவு. அது அநேகமாக எதிர்த்தரப்பு வைக்கும் பெயர். எதிரி வைத்த பெயரிலிருந்து அந்தக் கொள்கையைக் கற்றுக்கொள்ள முடியாது.

துலாக்கோல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முத்திரையில் தொடங்கி நம்பிக்கைக்குப் போகாதீர்கள். தனித்தனிப் பிரச்சினைகளில் தொடங்குங்கள், முத்திரை கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை. தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்றால், ஒரு முத்திரையை ஏற்ற கணமே அதோடு கட்டி வரும் இருபது நிலைப்பாடுகளையும் யோசிக்காமல் ஏற்றுவிடுவீர்கள். 2003இல் உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரு நலத்திட்டத்தை உங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று சொன்னால், அது தாராளமான திட்டமா கடுமையான திட்டமா என்ற வேறுபாடே ஏறக்குறைய எடுபடவில்லை. கட்சி சொன்னதால் ஏற்கிறோம் என்பதையும் சோதனையில் பங்கேற்றவர்கள் உணரவில்லை. திட்டத்தின் உள்ளடக்கத்தை வைத்தே முடிவெடுத்ததாக நம்பினார்கள்.

ஒரு தாளில் எட்டு முதல் பத்து கேள்விகள் எழுதுங்கள். அரசு உண்மையிலேயே முடிவெடுக்கும் கேள்விகளாக இருக்க வேண்டும். 'சமத்துவம் முக்கியமா' என்பது வேண்டாம்; அதற்கு எல்லோரும் ஆம் என்பார்கள். பரம்பரைச் சொத்துக்கு வரி போடலாமா, வாடகைக்கு உச்சவரம்பு வைக்கலாமா, வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கலாமா, மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, வெளிநாட்டவர் வந்து வேலை செய்ய எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும், மரண தண்டனை வேண்டுமா, பள்ளிப் பாடத்திட்டத்தை மத்திய அரசு தீர்மானிப்பதா உள்ளூர் அமைப்பா, இப்படி. பொருளாதாரம், தனிமனித உரிமை, தேசமும் எல்லையும், அதிகாரப் பகிர்வு, சுற்றுச்சூழல் ஆகிய ஐந்திலிருந்தும் குறைந்தது ஒன்றாவது வரட்டும். இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்த விஷயத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு பதிலையும் விலையோடு சேர்த்து எழுதுங்கள். 'இது வேண்டும்; இதற்காக இன்னதை இழக்கச் சம்மதம்' என்ற வடிவில். பொது சுகாதாரத்துக்குக் கூடுதல் செலவு வேண்டுமென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கூடுதல் வரியா, வேறு துறையில் வெட்டா, கடனா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை அது விருப்பம் மட்டுமே. உரிமைகளுக்கும் இது பொருந்தும். முழுக் கருத்துரிமை வேண்டுமென்றால், எவ்வளவு அருவருப்பான பேச்சைச் சகித்துக்கொள்ளத் தயார் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது படிதான் உயிர்நாடி. ஒவ்வொரு நிலைப்பாட்டையும் மூன்றாகப் பிரியுங்கள். எது நல்லது, எது முக்கியம் என்பது மதிப்பு. எது செய்தால் எது நடக்கும் என்பது உலகம் பற்றிய நம்பிக்கை. எந்தச் சட்டம், யார் கையில் என்பது வழிமுறை. பெரும்பாலான சண்டைகள் இரண்டாவதில் நடக்கின்றன, ஆனால் முதலாவதில் நடப்பதாக இருவரும் நினைக்கிறார்கள். மதிப்பை வாதம் எளிதில் மாற்றாது. இரண்டாவதைச் சான்று மாற்றலாம்; மாற்ற வேண்டும்.

'சுதந்திரம்' போன்ற பெரிய சொல் முதல் பகுதியில் வந்தால் அதை இன்னொரு தரம் உடையுங்கள். தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958இல் ஆற்றிய உரையில் இதற்கு நல்ல பிரிவு தந்தார். யாரும் என்னைத் தடுக்காமல் இருப்பது ஒன்று. என் வாழ்க்கைக்கு நானே எஜமானாக இருப்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் மதிப்பவரும் இரண்டாவதை மதிப்பவரும் இலவசக் கல்வி பற்றி வேறு வேறு முடிவுக்கு வரலாம். இருவரும் சுதந்திரத்தின் பெயரால்தான் பேசுவார்கள்.

கடைசியாக மாற்றிவைத்துப் பார்க்கும் சோதனைகள். நீங்கள் ஆதரிக்கும் சட்டத்தை, நீங்கள் அதிகம் அஞ்சும் தரப்பின் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அந்த அதிகாரம் அரசுக்கு இருக்கலாமா? அதே செயலை உங்களுக்குப் பிடிக்காத தலைவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பணக்காரராகப் பிறப்போமா ஏழையாகவா, பெரும்பான்மையிலா சிறுபான்மையிலா என்று தெரியாத நிலையில் இதே விதியைத் தேர்ந்தெடுப்பீர்களா? மூன்றாவது 1971இல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் விரிவாக முன்வைத்த சோதனை. இன்னொரு தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் அதற்குக் கடுமையான மறுப்பு எழுதினார்: ஒருவர் சொத்தை எப்படிச் சம்பாதித்தார் என்ற வரலாற்றைப் பார்க்காமல் பங்கீட்டை மட்டும் பார்ப்பது அநியாயம் என்றார். இந்த இருவரில் யார் பக்கம் உங்கள் மனம் சாய்கிறது என்பதே உங்களைப் பற்றி எந்த வினாத்தாளையும் விட அதிகம் சொல்லும்.

அளவுகோல்

வினாத்தாள்கள் பற்றி. ஒன்று இடது, ஒன்று நடு என்று வந்ததில் வியப்பில்லை. உங்கள் பதில்களைப் போலவே அச்சுகளும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இரண்டு அச்சில் வரையும் வரைபடங்களில் பிரபலமான ஒன்றை 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டவர் டேவிட் நோலன். அவர் அமெரிக்க லிபர்ட்டேரியன் கட்சியின் நிறுவனர்களில் ஒருவர்; பொருளாதாரத்திலும் தனிவாழ்விலும் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்பவர்களே லிபர்ட்டேரியன்கள். பொருளாதாரச் சுதந்திரம் ஒரு அச்சு, தனிமனிதச் சுதந்திரம் ஒரு அச்சு என்று வைத்ததும் இரண்டிலும் உச்சம் பெறுவது லிபர்ட்டேரியன் மூலைதான். தவறு என்று சொல்லவில்லை. வரைபடத்துக்கும் ஒரு பார்வைக்கோணம் உண்டு என்கிறேன். தேசியவாதம், சுற்றுச்சூழல், மதமும் அரசும், மத்திய மாநில அதிகாரம் போன்றவற்றுக்கு அதில் இடமே இல்லை.

பலர் நிரப்பும் பொலிட்டிகல் காம்பஸ் என்ற இணைய வினாத்தாளில் 62 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்தான், 'தெரியாது' கிடையாது. யோசித்தே பார்க்காத விஷயத்திலும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும், அந்தச் சாய்வும் கூட்டலில் சேர்ந்துவிடும்.

சொல்லாட்சியின் விளைவும் பெரிது. 1941இல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற ஒரு கருத்துக்கணிப்பில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை 'அனுமதிக்கலாமா' என்று ஒரு குழுவிடமும், 'தடை செய்யலாமா' என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்யலாம் என்றவர்கள் 46 சதவீதம். கேட்கப்பட்டது நடைமுறையில் ஒன்றுதான். ஆகவே ஒரு வாக்கியத்துக்கு 'ஆம்' போட்டால், அதை எதிர்மறையாகத் திருப்பி எழுதி 'இல்லை' வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்த விஷயத்தில் உங்களுக்கு இன்னும் கருத்து உருவாகவில்லை.

வேறொரு வகை இருக்கிறது, அது இதைவிடப் பயனுள்ளது. ஜெர்மனியில் 2002 முதல் இயங்கும் வால்-ஓ-மாட் போன்ற கருவிகள் ஆளுமை முத்திரை எதையும் தருவதில்லை. குறிப்பான 38 கொள்கை வாக்கியங்களுக்குக் கட்சிகளே பதில் எழுதித் தருகின்றன. கருவி அவற்றை உங்கள் பதிலோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. நடுநிலை சொல்லலாம், தாண்டிப் போகலாம், முக்கியமான வாக்கியங்களுக்கு இரட்டை மதிப்புக் கொடுக்கலாம். எந்தக் கருவியிலும் கடைசி மதிப்பெண்ணைவிட, எந்த வாக்கியத்தில் விரல் தயங்கியது என்று குறித்துக்கொள்வதுதான் ஆதாயம்.

புதுவாக்காளர்

மூவருக்கும் நன்றி. துலாக்கோல் சொன்னபடி வாடகை உச்சவரம்பை எடுத்தேன். 'வேண்டும்' என்று எழுதிவிட்டேன், ஆனால் மூன்றாகப் பிரிக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். அதை ஒருமுறை செய்து காட்ட முடியுமா? இன்னொன்று: பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் அது குறையா?

துலாக்கோல்

மதிப்பு: வருமானம் குறைந்தவர்கள், வெகுநாள் குடியிருப்பவர்கள் தங்கள் பகுதியை விட்டு விரட்டப்படக் கூடாது. உலகம் பற்றிய நம்பிக்கை: உச்சவரம்பு வைத்தால் அவர்கள் தங்குவார்கள், வீடுகளின் எண்ணிக்கை குறையாது. வழிமுறை: நகராட்சி வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம்.

இப்போது நடுவில் உள்ளதற்குச் சான்று தேடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1994இல் வாடகைக் கட்டுப்பாடு, 1980க்கு முன் கட்டிய சிறிய அடுக்கு வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஸ்டான்ஃபர்ட் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு அதன் விளைவைப் பின்தொடர்ந்தது. குடியிருந்தவர்கள் இடம்பெயர்வது 20 சதவீதம் குறைந்தது. அதே நேரம், கட்டுப்பாட்டுக்குள் வந்த கட்டடங்களின் உரிமையாளர்கள் வீடுகளை விற்றும் இடித்துக் கட்டியும் வாடகை வீடுகளின் அளவை 15 சதவீதம் குறைத்தார்கள். அதனால் நகரின் பொது வாடகை உயர்ந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

கவனியுங்கள், இந்த ஒரே ஆய்வை இரு தரப்பும் மேற்கோள் காட்ட முடியும். உங்கள் நம்பிக்கையின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அங்கே பொய்த்தது. ஆனால் மதிப்பு அப்படியே இருக்கிறது. எனவே கேள்வி இனி 'ஆதரவா எதிர்ப்பா' இல்லை. இன்று குடியிருப்பவருக்கும் நாளை வீடு தேடி வருபவருக்கும் இடையே யாருக்கு எவ்வளவு எடை? அதே மதிப்புக்கு வாடகை மானியம், பொதுக் குடியிருப்பு, கூடுதல் கட்டுமான அனுமதி என்ற வேறு வழிகள் இருக்க இதையே ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? எந்த நிலைப்பாட்டுக்கு வந்தாலும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் அது உங்கள் சொந்தக் கருத்து. ஒரு நகரத்து ஆய்வு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இந்தப் பயிற்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கொள்கை எப்படி வேலை செய்யும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னால் மக்களின் தீவிர நிலைப்பாடுகள் தணிகின்றன என்று 2013இல் ஒரு ஆய்வு சொன்னது. வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து 2021இல் வெளியிட்டபோது, தனக்கு நினைத்த அளவு புரியவில்லை என்ற உணர்வு மட்டும் வந்தது, தீவிரம் குறையவில்லை. ஆகவே இந்த முறை உங்களை நடுவுக்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நோக்கமும் இல்லை.

ஏடாளன்

பொருந்தாமை பற்றிக் கேட்டீர்கள். 1964இல் அரசியல் ஆய்வாளர் பிலிப் கான்வர்ஸ் அமெரிக்கப் பொதுமக்களை ஆராய்ந்து எழுதியபோது, இடது, வலது போன்ற கருத்தியல் சட்டகத்தை முறையாகக் கையாண்டு கட்சிகளை மதிப்பிட்டவர்கள் மூன்று சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார். எல்லாப் பதிலும் ஒரே மூட்டையில் அடங்குவது சாதாரண மனிதரின் இயல்பு நிலை அல்ல. அந்த மூட்டைகளில் பலவற்றைக் கட்டியது தர்க்கம் அல்ல, கூட்டணித் தேவை. தண்டனைச் சட்டத்துக்கும் இறக்குமதி வரிக்கும் தர்க்க உறவு ஏதும் இல்லை.

ஆனால் இரண்டு வகைப் பொருந்தாமையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுகாதாரச் செலவு கூடட்டும், சிறுதொழில் அனுமதி குறையட்டும் என்பதில் முரண்பாடே இல்லை. செலவும் ஒழுங்குமுறையும் வேறு வேறு கருவிகள். டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகள் அதிக வரி, விரிந்த நலத்திட்டங்கள், திறந்த சந்தை எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. உங்கள் தண்டனையும் கருத்துரிமையும் மட்டும் உற்றுப் பார்க்க வேண்டியவை. அரசு தவறு செய்யும் என்பதற்காகப் பேச்சில் அதை நம்ப மறுக்கிறீர்கள். அதே அரசின் காவல்துறையும் நீதிமன்றமும் தண்டனையில் தவறு செய்யாது என்று நம்புவதற்குக் காரணம் என்ன? பதில் இருக்கலாம்: நீதிமன்றத்தில் சாட்சியம், மேல்முறையீடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு எல்லாம் உண்டு, தணிக்கையில் இல்லை என்று சொல்லலாம். அந்தப் பதிலை எழுதிவிட்டால் முரண்பாடு தீர்ந்தது. எழுத முடியவில்லையென்றால் இரண்டில் ஒன்று அசையும்.

'நடு' என்ற முத்திரையிலும் எச்சரிக்கை வேண்டும். எல்லாவற்றிலும் மிதமான கருத்து உள்ளவரும், பாதி விஷயத்தில் தீவிர இடதும் மறுபாதியில் தீவிர வலதும் ஆனவரும் சராசரி எடுத்தால் ஒரே புள்ளியில் விழுவார்கள். இருவரும் ஒரே மாதிரி வாக்களிக்க மாட்டார்கள்.

அளவுகோல்

ஒரு சின்னச் சேர்க்கை. தாளில் ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதுங்கள், பத்துக்கு எவ்வளவு என்று. எவ்வளவு முக்கியம் என்பது ஒன்று. எவ்வளவு உறுதி என்பது மற்றது. இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். முக்கியம் ஒன்பது, உறுதி மூன்று என்று வருபவைதான் நீங்கள் முதலில் படிக்க வேண்டியவை. முக்கியம் இரண்டு என்றால் உறுதி எவ்வளவானாலும் வாக்கைத் தீர்மானிக்க அதை விடாதீர்கள்.

படிக்கும்போது எதிர்த்தரப்பின் வாதத்தை எதிர்த்தரப்பிடமிருந்தே படியுங்கள். பொருளாதார அறிஞர் பிரையன் கேப்லன் 2011இல் முன்வைத்த சோதனை இதற்குக் கைகொடுக்கும்: எதிர்த்தரப்பின் நிலைப்பாட்டை அரைப்பக்கம் எழுதி, அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டுங்கள். 'எங்கள் ஆள் எழுதியது' என்று அவர் நம்பினால் தேறிவிட்டீர்கள். அவர் சிரித்தால், எந்த வரியில் பிடிபட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்சிகளோடு ஒப்பிடும் கட்டம் வரும்போது தேர்தல் அறிக்கையோடு நிறுத்தாமல், உங்கள் தாளில் முக்கியம் ஏழுக்கு மேல் உள்ள விஷயங்களில் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அந்தக் கட்சி எப்படி வாக்களித்தது என்று தேடிப் பாருங்கள். ஆட்சியில் இருந்த கட்சியென்றால் அந்தத் துறைக்கு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய தொகையையும், ஆண்டு முடிவில் உண்மையில் செலவான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.